பெரட்டில் இல்லாத பெயர்

...இல்லை, இது பொறாமை இல்லை, பொறாமை என்றால் நான் வந்தே இருக்கமாட்டேன், தஞ்சோங் கிளிங்கிலிருந்து இந்த வெயிலில் தங்கா பத்து வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு வந்து, உஷாராணி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அதுவும் ஓரத்து நாற்காலியில், ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருக்கமாட்டேன். நாலு வருஷம் இந்த மேசையின் தலைமாட்டில் இருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் கேம், கேம் என்றால் கேசவன் அண்ணன், அதாவது நான், அப்படித்தான் இருந்தது. ஒருவர் கதையின் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார், மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள், அவ்வளவுதான் ஆட்டம்... அவ்வளவுதானா? அந்த உலகம் எங்கிருந்து வருகிறதாம்? வானத்திலிருந்தா விழுகிறது? இதோ என் காலடியில் பைக்குள் இருக்கிறது, நீல ஃபைல், நாற்பத்து மூன்று பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. இன்றைக்கு யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஏன்? தெரியாது. வெட்கமாகக்கூட இருக்கிறது.

பதினோரு மாதம் எழுதினேன். ஹோட்டலில் நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாற்காலி எத்தனை, மாலை எத்தனை மணிக்கு வரும், மாப்பிள்ளை எந்தக் கதவு வழியாக நுழைவார் என்று தாளில் போடுவதுதான் எனக்கு வேலை, ராத்திரி வந்து அதே கையால் செங்காட்டுத் தோட்டத்தை எழுதினேன். கறுப்புப் பால் வடிகிற ரப்பர் மரங்கள், பொழுது சாய்ந்ததும் நிரை மாறி நிற்கிற மரங்கள், நடுவில் பூட்டிய ஆபீஸ், ஆபீசுக்குள் பேரும் கணக்கும் எழுதுகிற, முகமில்லாத ஒரு கிராணி. ஆட்டத்தைத் தொடங்கும்போதெல்லாம் பெரட்டு வைப்பேன், எஸ்டேட்டில் விடியற்காலையில் வேலைக்கு முன்னால் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்களே அதே மாதிரி, நான் கூப்பிட ஒவ்வொருவராக 'இருக்கேன் ஐயா' என்று வேடத்தின் குரலில் சொல்வார்கள். நல்ல யோசனை என்று எல்லாரும்தான் சொன்னார்கள். ஆனால் இவர்கள் என்ன செய்தார்கள்? லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருபத்திரண்டு வீட்டுக்கும் குடும்பம் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்களா? இந்தப் புவனேஷ், என் ஹோட்டல் சமையற்கட்டில் காய் வெட்டுகிறவன், நான்தான் கூட்டி வந்து சேர்த்தேன், அவன் கிணற்றடியில் ஓர் ஆட்டைப் பார்த்து, அது நான் சும்மா ஒரு வாக்கியத்தில் நிற்கவைத்த ஆடு, அதோடு ஒன்றரை மணி நேரம் பேசினான். ஆற்றைத் தாண்டிப் போகிறோம் என்றார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நான் ஒன்றும் எழுதவில்லை, பாலம் இடிந்துவிட்டது என்றேன். வேறு பாலம் தேடினார்கள், அதுவும் இடிந்தது. மூன்றாவது பாலம் இடிந்தபோது உஷா பகடையைக் கீழே வைத்துவிட்டு, இந்தத் தோட்டத்தில் எந்தப் பாலம்தான் நிற்கும் என்று சிரிக்காமல் கேட்டாள். அன்றைக்குத்தான் கூட ஆடுகிற தனபாலன் எனக்குப் பேர் வைத்தான். கிராணி அண்ணே. ஃபைலைத் தூக்கிக்கொண்டு லிஸ்ட்டும் கையுமாக வருகிறேனாம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், என் அப்பா நவரட்ணம் நிஜமாகவே கிராணியாக இருந்தவர் என்று இவர்களுக்கு நான் சொன்னதில்லை. அப்பாவை யாரும் முகத்துக்கு நேரே கிராணி என்று கூப்பிட்டதில்லை, ஐயா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னார்களோ.

போன வாரம் ஹோட்டலில் ஆயிரத்து இருநூறு பேர் கல்யாணம், வர முடியாது, இந்த ஞாயிறு கேம் இல்லை என்று குழுவில் போட்டேன். இல்லை என்றால் இல்லைதானே? தனபாலன் நடத்தியிருக்கிறான். பட்டறையில் நாள் முழுக்கக் கிரீசில் கிடக்கிறவன், காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் நாலு வரி கிறுக்கிக்கொண்டு, என் தோட்டத்தை, என் மரங்களை, என் பெரட்டை எடுத்து நடத்தியிருக்கிறான். பேர் கூப்பிட்டானாம், ஒருத்தரும் 'இருக்கேன் ஐயா' சொல்லவில்லையாம். சும்மா நின்றார்களாம். அப்புறம் எல்லாருமாகச் சேர்ந்து ஆபீசைப் பார்த்து நடந்தார்களாம். இதைச் சொல்ல உஷா குரல் செய்தி அனுப்பினாள், பின்னால் அத்தனை சிரிப்பு, சத்தம், நாலு வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை என் மேசையில் நான் கேட்டதில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் நின்று அதை மூன்று தடவை கேட்டேன். அடுத்த ஞாயிறு எனக்கு ஓய்வாம். 'அண்ணே, நீங்க கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்கலா, வெளையாடுங்க, தனா பாத்துக்கட்டும்' என்று அதிலேயே சொல்லியிருந்தாள். எவ்வளவு பதமாகக் கை கழுவுகிறார்கள் பாருங்கள். ஹோட்டலில்கூட வயதான வெய்ட்டரை இப்படித்தான் கதவருகே நிற்க வைப்போம்.

சரி, இவன் எப்படித்தான் நடத்துகிறான் என்று பார்க்கலாம் என்று வந்தேன். பார்த்துக்கொண்டும் இருக்கிறேன், ஒரு மணி நேரமாக. இவன் ஒன்றுமே சொல்வதில்லை. கேட்கிறான். ஆபீஸ் வாசலில் என்ன வாசனை வருது, புவனேஷ்? மழையில் நனைந்த சாக்கு என்கிறான் புவனேஷ். அந்தச் சன்னலில் யார் நிக்கிறா, உஷா? யாரும் இல்லை, ஒரு துணி மட்டும் தொங்குகிறது என்கிறாள். அப்படியா என்று தலையை ஆட்டி அதையே திருப்பி அவர்களுக்கு விற்கிறான். இது ஏமாற்று இல்லையா? வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு இவன் கெரோப்போக் வறுவல் தின்கிறான். அவர்களோ வாயைப் பிளந்துகொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். என்னிடம் ஒருநாளும் இப்படிச் சாய்ந்ததில்லை, என்னிடம் போனைப் பார்ப்பார்கள். ஆனால் இருக்கட்டும், பூட்டிய கதவுக்கு வந்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் என்ன என்று இவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், முப்பத்தோராம் பக்கம், இருநூறு சாவி, மூன்று கேள்வி, முகமில்லாத கிராணி பேச வேண்டிய பேச்சு முழுவதும். இங்கே இவன் தடுக்கி விழவேண்டும். ஆமாம், விழவேண்டும், மறைப்பானேன், திக்கித் திணறி அசட்டுச் சிரிப்பு சிரிக்க வேண்டும், அப்போது இவர்கள் என் பக்கம் திரும்புவார்கள், நான் மெதுவாக, அவசரமே இல்லாமல், பையைத் திறப்பேன். அதற்காகத்தான் தூக்கி வந்திருக்கிறேன், இப்போது புரிகிறது.

கதவு திறந்தது. தனபாலன் விரலை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தான். 'உள்ள கிராணி உக்காந்திருக்காரு. அண்ணே, நீங்களே கிராணியா பேசுங்க. ஒங்களுக்குத்தான் அவர நல்லா தெரியும்.' கேலியா? கேலி மாதிரி இல்லை. எனக்கு இடம் கொடுக்கிறான். இந்தப் பயல் எனக்கு இடம் கொடுக்கிறான், அதையும் நான் வாங்கிக்கொண்டேன், ஃபைல்கூட வேண்டாம், முப்பத்தோராம் பக்கம் மனப்பாடம். தொண்டையைக் கனைத்து, பெரட்டுக்கு வராமல் இங்கே வந்து நிற்பது யார் என்று கனத்த குரலில் ஆரம்பித்தேன். புவனேஷ் சிரித்தான். உஷா சிரிக்கவில்லை. அவள் வேடம் முத்தாயி, மரத்தைக் கீறிப் பால் வெட்டுகிறவள், மூன்று பக்கம் பின்கதை நான்தான் எழுதிக் கொடுத்தேன், மரம் கறுப்புப் பால் வடித்த நாளில் பிறந்தவள், கையில் வேர் மாதிரி தழும்பு உள்ளவள். அவள் தழும்பைப் பற்றிப் பேசவில்லை, சாவி கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள். 'ஐயா, வீட்டு லிஸ்ட்ல எம் பேரு இல்ல. ஏன் ஐயா?'

வீட்டு லிஸ்ட்டா? நாற்பத்து மூன்று பக்கத்தில் எங்கேயும் வீட்டு லிஸ்ட் கிடையாது. தனபாலனைப் பார்த்தேன், அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விடவில்லை. தோட்டத்தை விற்றாயிற்று, இருக்கிறவர்களுக்கெல்லாம் டவுனில் வீடு என்று லிஸ்ட் எடுத்தீர்கள், பெரட்டில் நின்றவர்களை வைத்து எடுத்தீர்கள், நான் அந்த வாரம் ஆஸ்பத்திரியில், வயிற்றில் ஆபரேஷன், திரும்பி வந்தபோது லிஸ்ட் போய்விட்டது, பதினெட்டு வருஷம் அந்த மரத்தை வெட்டியவள் நான்... நிதானமாகச் சொன்னாள், கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. புவனேஷ் என் பக்கம் சாய்ந்து, போன வாரம் தனா அண்ணன் கேட்டபோது அக்கா அவங்க அம்மா கதையை வைத்துச் சொன்னது என்று கிசுகிசுத்தான். அம்மா கதையா? என்ன கதை? எனக்கு யாரும் சொல்லவில்லையே. நான் கேட்டேனா?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் இந்த அளவுதான் இருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது, பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம், ஆலோர் காஜா பக்கம் எஸ்டேட்டை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள், டவுனில் வீடு கொடுக்க என்று அப்பா பென்சிலில் கிறுக்கிக் கொண்டுவந்த பேர்களை நான் நல்ல தாளில் எழுதினேன், என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று அவருக்குப் பெருமை. வரிசை எண், பேர், லயம். அறுபத்தொன்று. ஸ்கேல் வைத்துக் கீழே இரட்டைக் கோடு போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது, பென்சில் தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு பேர், இருசம்மாள், பக்கத்தில் ஆஸ்பத்திரி என்று. அப்பாவிடம் காட்டினேன். 'பெரட்டில நிக்காத ஆளை எப்பிடி எழுதுறது, தம்பி?' என்றார். அதோடு விட்டிருந்தால் அது அவர் பாவம், நான் நிம்மதியாக இருந்திருப்பேன். விடவில்லையே அவர், கண்ணாடியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'உனக்கு மனசு கேக்கேல்லையெண்டா கடைசியில சேர்த்து எழுது, ஆரும் கேட்டா நான் சொல்லுறன்' என்று குளிக்கப் போய்விட்டார். நான் தாளைப் பார்த்தேன். இரட்டைக் கோடு. அதற்குக் கீழே ஒரு பேரை எழுதினால் அசிங்கமாக இருக்கும், கோட்டை அழிக்க முடியாது, முழுத் தாளையும் மறுபடி எழுத வேண்டும், அறுபத்திரண்டு வரி. பசித்தது. ரொம்பச் சுத்தமாக வந்திருந்தது அந்தத் தாள்... இதை இருபது வருஷத்துக்கு மேலாக நான் நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைப்பேன், உடனே வேறு எதையாவது எழுத உட்கார்ந்துவிடுவேன்.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராணி பதில் சொல்ல வேண்டும். 'கோடு போட்டாச்சும்மா' என்றேன். கனத்த குரல் எங்கே போயிற்றோ, என் குரல்தான் வந்தது. 'எழுதியிருக்கலாம். எழுதியிருக்கலாம், கோடு போட்டுட்டேன்.' பகடை போடணுமா என்று புவனேஷ் கேட்டான், வேண்டாம் என்று தனபாலன் கையைக் காட்டினான். உஷா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'அண்ணே, நாலு வருசத்துல இன்னிக்குத்தான் நீங்க நல்லா வெளையாடினீங்க' என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனாள். தனபாலன் என் தோளில் தட்டினான், நிஜமான மரியாதையோடு, செம அண்ணே, இத எப்பத் தயார் பண்ணீங்க என்று கேட்டான். எப்போது தயார் பண்ணினேன்? இந்தப் பாராட்டுக்காக நாலு வருஷம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன், வந்துவிட்டது, இந்தா வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்கள், இதை எங்கே வைப்பது?

தலையைத் தூக்கினேன். எதிர்ச்சுவரில் மாலை போட்ட படம், சின்ன சிவப்பு பல்பு, எடுப்பான மூக்கோடு ஓர் அம்மா. நாலு வருஷமாக இதே அறைதான், ஆனால் தலைமாட்டு நாற்காலி அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும், அதில் உட்கார்ந்துதான் நான் லயத்தில் இருபத்திரண்டு குடும்பத்தையும் எழுதினதை வாசித்தேன், இந்த ஓரத்து நாற்காலிக்கு வந்த பிறகுதான் அவர் எனக்கு எதிரே இருக்கிறார். படத்துக்குக் கீழே பேர் எழுதவில்லை. உஷாவின் பேரோடு வருவது அவள் அப்பா பேர், அது தெரியும், இந்த அம்மாவின் பேர் தெரியாது. எத்தனையோ எஸ்டேட், எத்தனையோ லிஸ்ட், எத்தனையோ பேர் அந்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார்கள், இவர் இருசம்மாளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஒரு கேள்வி போதும். உஷா டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள், சீனி கம்மியாப் போட்டிருக்கேன் அண்ணே என்றாள். உங்கம்மா பேர் என்ன உஷா... நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்டால் சொல்லிவிடுவாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், போதும்மா, சீனி சரியா இருக்கு என்றேன், இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.