செம்பட்டைக்காரி எதிரே வந்தால்

இனிஷ்லோன் தீவில் படகுத்துறைக்குப் போக ஒரே ஒரு பாதைதான். இரண்டு பக்கமும் கல் சுவர், நடுவில் இரண்டு பேர் உரசிக்கொண்டு போகலாம். காலையில் அந்தப் பாதையில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு எதிரே ஒரு செம்பட்டை முடிக்காரி வந்துவிட்டால் போச்சு, அன்றைக்குக் கடல் கிடையாது. வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். திரும்பாமல் போனவன் அப்புறம் திரும்பவே மாட்டான் என்பது அங்கே பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

நாப்லாவின் முடியோ சாதாரணச் செம்பட்டை இல்லை. ஊதிவிட்ட அடுப்பு மாதிரி செக்கச்செவேலென்று இருக்கும். பக்கத்துத் தீவிலிருந்து ஃபெஸ்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், கல்யாணத்துக்கு மறுநாள் விடியற்காலையில் வாளியோடு தண்ணீருக்குப் போனாள். எதிரே ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வந்துகொண்டிருந்தார்கள். மொத்தப் பேரும் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்குப் பார்த்துக் கரையோரம் கானாங்கெளுத்தி பொங்கிக்கொண்டு போனதாம். பிடிக்காமல் விட்ட அந்த மீனுக்கு வருஷா வருஷம் எடை கூடிக்கொண்டே வந்தது.

அன்றிலிருந்து கடைசிப் படகு கிளம்புகிற வரைக்கும் நாப்லா வெளியே தலைகாட்டக் கூடாது. ஃபெஸ்டியின் பெரியப்பா மாக்டாராதான் ஊரில் மூத்த படகுக்காரர். அவர் போகிறபோது துடுப்பால் அவள் வீட்டுச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். நாங்கள் வருகிறோம், நீ உள்ளே இரு என்று அர்த்தம். அவள் உள்ளே இருப்பாள். கடல் நன்றாக வற்றிக் கிடக்கிற விடியற்காலையில்தான் பாறையில் கடல்நத்தை அள்ள அள்ளக் கிடைக்கும். மற்றப் பெண்கள் கூடை கூடையாகப் பொறுக்கிக்கொண்டு போன பிறகு, மற்றவர்கள் போகாத பின்பக்கத்துச் செங்குத்துப் பாறை வழியாக முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு இறங்கினால் அவளுக்கு மிஞ்சுவது அரைக் கூடை. அதைவிட அந்த இரண்டு தட்டுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வேடிக்கை என்னவென்றால் அவள் அப்பாவுக்கும் அதே தலைதான். ஆம்பளைத் தலை செம்பட்டையாக இருந்தால் மீனுக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லையாம்.

தீவுப் புனிதரின் திருநாள் வந்தது. பூசை முடிந்ததும் படகுப் பந்தயம். எதிர்க்கரை ராஸ்முல்லாக்காரர்களுக்கும் தீவுக்காரர்களுக்கும் எத்தனையோ வருஷத்துப் பகை அதில் தீரும், அல்லது வளரும். மெல்லிய மரச் சட்டங்களின் மேல் தார் பூசிய கித்தானைப் போர்த்திய குரக் என்னும் லேசான படகு, மூன்று பேர், ஆளுக்கு இரண்டு துடுப்பு. ஜெயித்தால் ஒரு பீப்பாய் கறுப்பு பீர். அந்தப் பீப்பாய் இந்தக் கரைக்கு உருண்டு வந்து ரொம்பக் காலமாகிவிட்டது. இந்த முறை விடுவதில்லை என்று மாக்டாரா, ஃபெஸ்டி, பார்ட்லி மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பழகியிருந்தார்கள்.

பந்தயத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் கழுதை ஒன்று பார்ட்லியின் மணிக்கட்டில் உதைத்துவிட்டது. கை பூரிபோல் உப்பிவிட்டது. வேறு ஆள் தேடி மாக்டாரா ஓடினார். துடுப்பு வலிக்கத் தெரிந்த ஆண்கள் எல்லாரும் பீர்க் கூடாரத்தில் தங்கள் கால் மேலேயே நம்பிக்கை இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் நாப்லா முன்னால் வந்தாள். ஆண் பிள்ளை இல்லாத அவள் அப்பா அவளைத்தான் படகில் ஏற்றி வளர்த்தார். நான் வலிக்கிறேன் என்று அவள் சொன்னதும் மாக்டாராவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பெண் வலிக்கக் கூடாது என்று பந்தயத்தில் விதி எதுவும் இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, அதனால் விதி போடவில்லை. ஆனால் படகுக்குப் போகிற வழியில் செம்பட்டைக்காரியா?

"மாமா, எதிர்ல வந்தாத்தானே ஆகாது?" என்றாள் நாப்லா. "நான் எங்க எதிர்ல வரேன்? உங்ககூடத்தானே வரேன்."

மாக்டாரா குரக்கைப் பார்த்தார். குரக்கைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும்போது கவிழ்த்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் அதற்குள் நடப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஆறு கால் முளைத்த வண்டு ஒன்று கடலுக்குப் போவது போலிருக்கும். உள்ளே போகிறவனுக்குத் தன் முன்னால் போகிறவனின் குதிகால்தான் தெரியும். எதிரே யார் வந்தாலும் தெரியாது, உள்ளே யார் இருக்கிறார் என்றும் தெரியாது. இதை யோசித்ததும் கிழவருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "தொப்பி போடணும். ஒரு முடி வெளிய தெரியக் கூடாது" என்றார்.

"போடறேன். ஆனா ஒரு பேச்சு. நாம ஜெயிச்சா, நாளையிலேருந்து காலைல நான் அந்தப் பாதையில நடப்பேன். ஒருத்தரும் திரும்பிப் போகக் கூடாது. சுவத்துல தட்டவும் கூடாது."

"தோத்தா?"

"தோத்தா நான் சாகற வரைக்கும் இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்."

மாக்டாரா உள்ளங்கையில் எச்சில் துப்பிக் கையை நீட்டினார். அவளும் துப்பிவிட்டுப் பிடித்துக் குலுக்கினாள். இனி அது பத்திரத்தில் எழுதியதற்குச் சமம். ஃபெஸ்டி பெரியப்பாவையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பார்ட்லியின் கம்பளிச் சட்டையும் தொப்பியும் போட்டு முடியை உள்ளே திணித்துக்கொண்டு வண்டின் முன்னிரண்டு காலாக நாப்லா அந்தப் பாதையில் இறங்கினாள். தார் வாடையும் இருட்டுமாக இருந்தது. காலடியில் பாதைக் கல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. இத்தனை வருஷத்தில் மூத்த படகுக்காரரோடு அந்த வழியில் அவள் நடப்பது அதுதான் முதல் தடவை. நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் கித்தானில் மோதித் திரும்பி வந்தது போலிருந்தது அவளுக்கு.

பங்குச் சாமியார் கைக்குட்டையை வீசினார். இரண்டு படகும் பாய்ந்தன. நடுக்கடலில் நங்கூரம் போட்டு மிதக்கவிட்ட ஒரு காலிப் பீப்பாயை வலமாகச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். இடமாகச் சுற்றுகிற பைத்தியம் அந்தப் பக்கத்தில் எந்த ஊரிலும் பிறக்கவில்லை. ராஸ்முல்லாப் படகு பாட்சின் என்பவனுடையது. எருமை பலம், வாய் அதைவிடப் பலம். எடுத்த எடுப்பிலேயே ஒரு படகு நீளம் முன்னால் போய்விட்டான். போகிற போக்கில், கிழவனாரே, பஞ்சுத் தலையணை வேண்டுமா என்று கேட்டுவிட்டும் போனான்.

நாப்லா மூக்கு முனையில் உட்கார்ந்து வலித்தாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தோள் இரண்டும் பழைய வேலையை ஞாபகம் வைத்திருந்தன. முன்னால் ஃபெஸ்டியின் முதுகு குனிந்து நிமிர்ந்தது. அவள் இழுக்கிற இழுப்புக்கு ஈடுகொடுக்க அவன் திணறியது தெரிந்தது. இடைவெளி குறைய ஆரம்பித்தது. கரையில் சனங்கள் கத்துகிற சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

படகு வலிப்பவன் போகிற திசையைப் பார்ப்பதில்லை, வந்த திசையைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பான். அதனால் முன்னால் போகிற படகுக்காரனுக்குப் பின்னால் துரத்துகிறவன் நன்றாகத் தெரிவான். பீப்பாயை நெருங்கும்போது காற்று திசை மாறி ஒரு வீச்சு வீசியது. பார்ட்லியின் தொப்பி நாப்லாவின் தலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது. முடி முழுவதும் அவிழ்ந்து காற்றில் எழும்பியது.

 அவள் முதுகுக்குப் பின்னால் ஒருவன் கடவுளே என்றான். பாட்சின் படகில் மூன்று பேரும் அந்தச் செக்கச்செவேல் தலை தங்களை நோக்கிப் பாய்ந்து வருவதைப் பார்த்துவிட்டார்கள். நடுக்கடலில் எதிர்ப்பட்ட செம்பட்டைக்காரியிடமிருந்து எந்த வீட்டுக்குத் திரும்பி ஓடுவது? ஒருவன் சிலுவை போட்டுக்கொள்ளக் கையை எடுத்தான். விட்ட துடுப்பு படகோர முளையிலிருந்து கழன்று தண்ணீரில் விழுந்து மிதந்துபோனது. அவர்கள் படகு கோணிக்கொண்டு நின்றுவிட்டது.

"இழுங்க! புள்ளைகளா, இழுங்க!" என்று மாக்டாரா குதித்தார். "பீப்பாய் நம்முது!"

நாப்லா திரும்பிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று ஒரு நொடியில் விளங்கியது. இரண்டு துடுப்பையும் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டாள்.

ஃபெஸ்டிக்கு மாரடைப்பு வராத குறை. "என்ன பண்ற நீ? கை வலிக்குதா?"

"வலிக்கலை. இப்பப் போனா ஜெயிக்கறது நான் இல்ல, என் முடி. செம்பட்டைக்காரியைப் பாத்தவன் தோத்தான்னு ஊரே சொல்லும். அப்புறம் இந்த ஜென்மத்துல எனக்கு அந்தப் பாதை இல்ல."

மாக்டாரா கெஞ்சினார், திட்டினார், புனிதரைக் கூப்பிட்டார். அவள் அசையவில்லை. மிதந்து வந்த துடுப்பைத் தன் துடுப்பால் கொக்கி போட்டு இழுத்து ராஸ்முல்லாப் படகுப் பக்கம் தள்ளிவிட்டாள். வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த பாட்சினைப் பார்த்து, "நல்லாப் பாத்துக்கோ. முடிதான். கடிக்காது. துடுப்பை மாட்டு, வலி" என்றாள்.

எருமைக்கு ரோஷம் வந்துவிட்டது. துடுப்பு முளையில் ஏறியதும் இரண்டு படகும் ஒன்றாகக் கிளம்பின. பீப்பாயை உரசிக்கொண்டு வலம் சுற்றின. கரையை நோக்கி அவர்கள் வந்தது போல ஒரு வருகையை அந்தக் கடல் பார்த்திருக்காது. ஒரு இழுப்புக்கு இவர்கள் முன்னால், மறு இழுப்புக்கு அவர்கள். நாப்லாவின் முடி முகத்தில் அடித்தது, வாயில் போனது, துப்பிவிட்டு வலித்தாள். உள்ளங்கை கிழிந்தது. ஃபெஸ்டி ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே வலித்தான். அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. கூடாரத்திலிருந்த குடிகாரர்கள்கூட இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று ஊளையிட்டார்கள்.

ஒரு கை அகலத்தில் ராஸ்முல்லா ஜெயித்தது.

ஊர் அவளோடு பேசவில்லை. பீப்பாய் கண் முன்னால் எதிர்க்கரைக்கு உருண்டு போனால் யாருக்குத்தான் பேச வரும். மாக்டாரா கூடாரத்து மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஃபெஸ்டி மட்டும் வீட்டில் அவள் கையில் வெண்ணெய் தடவிக்கொண்டே, இவ்வளவு வேகமாக வலிப்பாய் என்று எனக்குச் சொல்லவே இல்லையே என்றான். நீ எப்போது கேட்டாய் என்றாள் அவள். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதாள். சொன்ன சொல் சொன்னதுதான், பாதை போய்விட்டது.

ஆனால் கூடாரத்தில் பாட்சினின் வாய் ஓயவில்லை. கடலில் செம்பட்டைக்காரி எதிரே வந்தாள், கண்ணோடு கண் பார்த்தேன், பார்த்தும் ஜெயித்தேன் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னான். வழக்கமாக அவன் பெருமையை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அன்றைக்கு மாக்டாரா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் பாதையில் பூட்ஸ் சத்தம் வந்தது. நாப்லா கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் விழப்போகிற இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தாள். தட்டு சுவரில் விழவில்லை, கதவில் விழுந்தது. திறந்தால் மாக்டாரா நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஊர் ஆண்கள் அத்தனை பேரும். ஃபெஸ்டியும் அந்தக் கூட்டத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"வெளிய வாம்மா" என்றார் மாக்டாரா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பந்தயத்துல தோத்துட்டேன் மாமா. வாய் திறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"நீ வாய் திறக்க வேண்டாம், வாசலைத் தாண்டு. உன்னை எதிர்ல பாத்தவன் ஜெயிச்சான். தொப்பி போட்டு மறைச்சவன் தோத்தான். எனக்குக் கணக்கு தெரியாதா?"

நாப்லா கிழிந்த உள்ளங்கையில் துப்பிக் கையை நீட்டினாள். இஷ்டப்பட்ட காலையில் வருவேன், இஷ்டப்பட்ட வேகத்தில் வருவேன் என்றாள். கிழவரும் துப்பிவிட்டுக் குலுக்கினார். அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, முடியைக் கட்டாமல் அவர்கள் நடுவே நடந்தாள். சுவரோடு சுவராக ஒட்டி வழிவிட்டார்கள். பாதை திரும்புகிற இடத்தில் கடல் நன்றாக வற்றி, பாறையெல்லாம் பளபளவென்று கிடந்தது. அந்த நேரத்தில் அங்கிருந்து அவள் அதைப் பார்த்ததே இல்லை. 

"ஏம்மா, முன்னால போனா எதிர்ல வந்ததா ஆகாது" என்று மாக்டாரா கத்தினார். "ஒரு ஓட்டம் கீழ போயிட்டு மேல ஏறி வந்துடு. மீன் போயிடும்."

"நத்தை பொறுக்கிட்டு வரேன் மாமா."

"கூடை ரொம்புற வரைக்குமா?"

"ரொம்புற வரைக்கும்."

மாக்டாரா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சுவரின் மேல் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வலையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். நாப்லா கீழே இறங்கி, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு நத்தையாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தாள்.