முளைத்த கேழ்வரகு

வில்லியனூர் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருக்கும் பரிதாவிடம், மாதா கோயில் திருவிழாவுக்கு ரவிக்கை தைக்க வந்தாள் மரிய சுகந்தி. புற்றுநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்து, வைத்தியமெல்லாம் முடிந்த பிறகும் முந்தானையை இழுத்துப் போர்த்தியபடியே இருந்தாள்.

"தொளதொளன்னு தச்சுடுக்கா. ஒண்ணும் தெரியக் கூடாது."

பரிதாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைத்திரையை இழுத்துவிட்டு, தன் ரவிக்கைக்குள்ளிருந்து ஓர் உருண்டைத் துணிப்பையை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"எனக்கும் எடுத்தாச்சுடி. நீ கண்டுபுடிச்சியா?"

பை கனமாக இருந்தது. "உள்ள இன்னாக்கா?"

"கேழ்வரகு. பஞ்சு வெச்சா மேல ஏறிக்கும். தொவைக்கசொல்ல மட்டும் கொட்டிடணும். நான் மொதல்ல அப்படியே தொவச்சுப் போட்டேனா, மொளச்சுப் போச்சுடி!"

சுகந்தி சிரித்த சிரிப்பில் முந்தானை சரிந்தது. அவள் அதை இழுத்துவிடவில்லை.

திருவிழா முடிந்ததும், தன்னைப் போலவே மார்பை எடுத்த இன்னொருத்தியைப் பாகூரிலிருந்து கூட்டிவந்தாள் சுகந்தி. பரிதா வாய் திறப்பதற்குள் தானே திரையை இழுத்துவிட்டு, பரிதா தைத்துத் தந்திருந்த தன் பையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"கொட்டிட்டுத் தொவை. எனக்கு ஒரு தரம் மொளச்சே போச்சு!"

தன் கதை திருடுபோனதில் பரிதாவுக்கு அப்படியொரு பெருமை.