மல்லியைக் காணவில்லை

சார்ஜன்ட் கஜேந்திரன் இருபத்தொன்பது வருடச் சேவையில் மூன்று கொலைகாரர்களையும் கணக்கில்லாத கள்ளச்சாராயக் கசிப்புக்காரர்களையும் பிடித்திருக்கிறார். குடும்ப விசேஷம் ஒன்றைத்தான் இன்னும் நேரத்துக்குப் பிடிக்க முடியவில்லை. மகன் பிறந்த அன்று அம்பாறையில் தேர்தல் கடமை. மகள் லோஜினியின் சடங்குக்கு வந்து சேர்ந்தபோது அண்டா குண்டாவைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். கொட்டகலையில் சொந்த வீடு கட்டிப் பால் காய்ச்சிய நாளில், மனைவி சீதாலெட்சுமி சொல்லாமல் கொள்ளாமல் பெயின்டை மாற்றியிருந்ததால், மாலை ஆறு மணிக்குப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். மற்றபடி அவர் சந்தோஷமான மனிதர். வீட்டுச் சாப்பாடு பிடிக்கும். சீதாலெட்சுமி திட்டுவதும் பிடிக்கும். திட்டுவதைக் கேட்க வீட்டில் இருக்கக் கிடைப்பதே அபூர்வம் என்பதால்.

அன்று லோஜினியின் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கு வருகிறார்கள். மாப்பிள்ளை தனுஜனும் லோஜினியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். அவர்கள் பேச வேண்டியதை எல்லாம் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். இனிப் பெரியவர்கள் பேசவேண்டும். மாப்பிள்ளையின் அப்பா அழகையா, தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்காக இருந்தவர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு நிமிடம் பிந்தி நின்றவர்களைத் திருப்பி அனுப்பியே பேர் எடுத்தவர். “பொண்ணோட அப்பா இல்லாத வீட்டுல நான் வாய் தொறக்க மாட்டேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். அடுத்த நாள் ஆடி பிறக்கிறது. ஆவணி முடிந்ததும் தனுஜன் ஒரு வருடப் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் போகிறான்.

“இன்னைக்கும் பிந்தினீங்கன்னா,” என்றாள் சீதாலெட்சுமி காலையில், சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தவரிடம், “உங்களத் திட்ட மாட்டேன்.”

கஜேந்திரன் ஒரே சப்பாத்துக்கு மூன்றாம் தரமும் பொலிஷ் போட்டார்.

நீதிமன்றக் கடமையை முடித்து, கையில் அரைநாள் லீவுத் துண்டோடு அவர் நிலையத்துக்குள் நுழைந்தபோது பன்னிரண்டரை. நிலையப் பொறுப்பதிகாரியான ஓஐசி தொப்பியோடு நின்றார். ஓஐசி தொப்பி போட்டிருந்தால் லீவு இல்லை என்று அர்த்தம்.

“சார்ஜன், ஒரு கிழவி தன் தம்பியை ஏதோ செய்துவிட்டாள். ஆளைக் காணோம்” என்றார் சிங்களத்தில். “நேரே இங்கே வந்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, பஸ் பிடித்துப் போயும்விட்டாள்.”

முறைப்பாட்டை எழுதியவர் கான்ஸ்டபிள் ஹேரத். மூன்று மாதத் தமிழ்ப் பயிற்சியில் முதலாவதாகத் தேறி, சான்றிதழைச் சட்டம் போட்டு மேசையில் வைத்திருந்தவர். அவர் சிங்களத்தில் எழுதியிருந்ததைக் கஜேந்திரன் வாசித்தார். ராக்காயி, வயது அறுபத்து மூன்று. தம்பியைக் கழுவினாள். சாக்கில் போட்டாள். நேற்றும் காயப்படுத்தினாள், இன்றும் காயப்படுத்தினாள். விறகுக்குப் போய்விட்டு வந்து பார்த்தபோது தம்பியைக் காணவில்லை. பிறகு என்ன செய்ய இருந்தாய் என்று கேட்டதற்கு, மேசைமேல் கைமுட்டியை வைத்து அரைத்துக் காட்டினாள்.

கஜேந்திரன் இரண்டு தரம் வாசித்தார். மூன்று கொலைகாரர்களில் ஒருவன்கூட இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை.

“சேர், எனக்கு மூன்று மணிக்கு...”

“மேலிடத்துக்குச் சொல்லியாயிற்று. மோப்ப நாய் புறப்பட்டுவிட்டது. லயத்தில் உன்னை விட்டால் தமிழ் கேட்க யார் இருக்கிறார்கள்?”

ஹேரத் தன் சான்றிதழைப் பார்த்தார்.

நோட்டன் பிரிட்ஜ் பாதையில், ஹேரத் ஓட்ட, ஓஐசி முன்னால் உட்கார, மலையைச் சுற்றிச் சுற்றி ஜீப் ஏறிய முக்கால் மணிநேரமும் கஜேந்திரன் கடிகாரத்தையும் தேயிலையையும் மாறி மாறிப் பார்த்தார். தேயிலை நகர்ந்தது. கடிகாரம் அதைவிட வேகமாக நகர்ந்தது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் ராக்காயி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கொலைகாரிக்குரிய பதற்றம் எதுவும் இல்லை. ஜீப்பைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததுதான் கஜேந்திரனைத் திடுக்கிட வைத்தது.

“வந்துட்டீங்களா ஐயா. இவ்வளவு சுறுக்கா வருவீங்கன்னு நெனைக்கல. மூணு பேரு வேற.”

“தம்பி எங்கம்மா?”

“எந்தத் தம்பி?”

“சாக்குல போட்டீங்களே, அந்தத் தம்பி.”

ராக்காயி கீரையைக் கீழே வைத்தாள். “எனக்கு ஏது ஐயா தம்பி? எங்கப்பாவுக்கு நாந்தான் கடக்குட்டி.”

“அப்ப காலையில ஸ்டேஷன்ல என்னத்தக் காணோம்னு சொன்னீங்க?”

“மல்லிய.”

கஜேந்திரன் அப்படியே நின்றார். தமிழில் மல்லி கறிக்குப் போடுவது. சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. இரண்டு பாஷையையும் பிறந்ததிலிருந்து பேசுகிறவர். இதுவரை இரண்டும் ஒரே சாக்கில் விழுந்து அவர் பார்த்ததில்லை.

“கழுவி, சாக்குல போட்டு, ரெண்டு நாளா காயப் போட்டேன்னு சொன்னேன். இந்தச் சேருதான் ‘காயம், காயம்’னு கேட்டுக் கேட்டு எழுதினாரு. நல்ல புள்ளையா இருக்காரேன்னு அரைக்கிறதையும் செஞ்சு காட்டினேன்.”

லயம் முழுவதும் வாசலுக்கு வந்திருந்தது. கஜேந்திரன் விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னார். ஓஐசி தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதாவது எழுதியிருக்கிறதா என்பதுபோலப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். ஹேரத் தூரத்து மலையின் அழகில் திடீரென்று ஈடுபட்டார்.

“அப்போ முடிந்தது. கையெழுத்து வாங்கு, போகலாம்” என்றார் ஓஐசி.

ஒன்றரை தாண்டியிருந்தது. இப்போதே இறங்கினால் கொட்டகலைக்குத் தாராளமாகப் போய்விடலாம். கஜேந்திரன் முறைப்பாடு வாபஸ் என்று நான்கு வரி எழுதி நீட்டினார்.

“மல்லி கெடச்சிருச்சா?” என்றாள் ராக்காயி.

“இல்ல.”

“அப்ப எதுக்கு கையெழுத்து?”

அவள் கேட்டது சட்டப்படி சரி. அதுதான் தொல்லை. மோப்ப நாயை வரவழைத்துவிட்டு எதையும் கண்டுபிடிக்காமல் திரும்பினால் மேலிடத்துக்கு என்ன எழுதுவது என்று ஓஐசியும் யோசிக்கத் தொடங்கினார். கஜேந்திரன் மூச்சை இழுத்துவிட்டு, ஒரு கொலையை விசாரிக்கிற அதே முகத்தோடு வாசலில் இறங்கினார்.

“யார் மேலயாவது சந்தேகம்?”

“எனக்கு யார் கூடயும் சண்ட இல்லங்க. அடுத்த காம்பராக்காரி ஜெயந்தினி கூட மட்டும் பைப்படி விஷயத்துல ஆறு மாசமா பேச்சு இல்ல.”

“நீங்க வெறகுக்குப் போன நேரம் மழ தூறிச்சா?”

“தூறிச்சு. பாவி மழ.”

“கொடியில சீல காயப் போட்டிருந்தீங்களா?”

“போட்டிருந்தேன்.”

“அத யாரு எடுத்து இஸ்தோப்புல போட்டது?”

ராக்காயி திரும்பிப் பார்த்தாள். அவள் சேலை மடித்து, வாசல் திண்ணையான இஸ்தோப்புக் கட்டையில் நனையாமல் கிடந்தது. மழைக்குச் சேலையை மடித்து வைத்துவிட்டு மல்லியைத் திருடும் கள்ளனைக் கஜேந்திரன் தன் சேவைக் காலத்தில் சந்தித்ததில்லை. அடுத்த காம்பராவின் கதவைத் தட்டினார்.

ஜெயந்தினி சாக்கின் நான்கு மூலையையும் கூட்டிப் பிடித்தபடி வெளியே வந்தாள். மல்லி ஒரு மணிகூடச் சிந்தாமல் உள்ளே இருந்தது.

“நனஞ்சிரும்னு எடுத்து வச்சேன் சேர்.”

“அத அவங்ககிட்ட சொல்றதுதானே?”

“எப்புடி சொல்றது? எங்களுக்குள்ளதான் பேச்சு இல்லையே.”

அவள் ராக்காயியைப் பார்க்காமல் கஜேந்திரனைப் பார்த்தே சொன்னாள். ராக்காயியும் அவரைப் பார்த்தே கேட்டாள்.

“எடுத்தவ எங்க வச்சான்னு கேளுங்க.”

“எங்க வச்சீங்க?”

“அடுப்புக்கு மேல பரணுலன்னு சொல்லுங்க. சூடு இருக்கும்.”

“பரணுலயாம்.”

“அதான் இப்புடி நல்லா காஞ்சிருக்குன்னு சொல்லுங்க.”

இருபத்தொன்பது வருடமாகத் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மொழிபெயர்த்தவர், அன்று கால்மணி நேரம் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தார். கடைசியில் ராக்காயி, “பாதிய அவளுக்குக் குடுக்கச் சொல்லுங்க” என்றாள். ஜெயந்தினி, “பாதி எதுக்கு அக்கா, ஒரு சுண்டு அளந்தா போதும்” என்று நேரடியாகவே சொல்லிவிட்டாள். அதன் பிறகு இருவரும் பேசத் தொடங்கினார்கள். ஆறு மாதப் பாக்கி என்பதால் கையெழுத்து வாங்க இன்னும் இருபது நிமிடம் பிடித்தது.

கீழே வரும் வழியில் மோப்ப நாய் வண்டி எதிரே வந்தது. ஒடுக்கமான பாதை. யார் பின்வாங்குவது என்பதில் கால்மணி நேரம் போயிற்று. நாய் தலையை வெளியே நீட்டிக் கஜேந்திரனைக் கவனமாகப் பார்த்தது.

ஓஐசி, கேட்காமலே, ஜீப்பை நிலையத்துக்கு விடாமல் நேரே கொட்டகலைக்கு விடச் சொன்னார். வீட்டு வாசலில் இறங்கியபோது மூன்று இருபது.

உள்ளே அழகையா, கைக்கடிகாரத்தை மேசையில் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தனுஜன் தரையைப் பார்த்தான். சீதாலெட்சுமி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். சொன்னபடியே திட்டவில்லை. வாசலில் ஜீப், பின்னால் ஒரு ஓஐசி, ஒரு கான்ஸ்டபிள். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர் தேத்தண்ணீர்க் கோப்பையோடு எழுந்தே நின்றுவிட்டார்.

“இருவது நிமிசம்” என்றார் அழகையா.

“ஆமாங்க.”

“காரணம்?”

பொய் ஒன்று தயாராக இருந்தது; கொலை விசாரணை என்றால் யாரும் மறு கேள்வி கேட்கமாட்டார்கள். கஜேந்திரன் பெரட்டுக்குப் பிந்தி வந்த ஆள் மாதிரிக் கைகட்டி நின்று, ராக்காயியின் மல்லியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னார். அறைக்குள்ளிருந்து லோஜினியின் சிரிப்பு கேட்டது. யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். அழகையா சிரிக்கவில்லை.

“கெடச்சிருச்சா?”

“கெடச்சிருச்சுங்க.”

“நெறுத்துப் பாத்தீங்களா?”

“நெறுக்கலங்க. ஒரு மணியும் சிந்தல.”

அழகையா கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். “அப்ப உக்காருங்க சம்பந்தி. நிக்க வச்சிப் பேசுற பழக்கத்த விட்டு நாலு வருசமாச்சு.”

கல்யாணம் ஆவணி மூன்றாம் வெள்ளி என்று முடிவாயிற்று. ஓஐசி நான்காவது வடையில் இருந்தார். சீதாலெட்சுமி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொண்டுவந்து புருஷன் முன்னால் வைத்தாள்.

“இப்பவே லீவு எழுதுங்க. சேரும் இங்கதானே இருக்காரு.”

கஜேந்திரன் எழுதினார். ஓஐசி வடைக் கையைத் துடைத்து ஒப்பமிட்டார். சீதாலெட்சுமி தாளை வாங்கித் திகதியை இரண்டு தரம் சரிபார்த்து, நான்காக மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“அத நான்தானே வச்சிருக்கணும்” என்றார் அவர்.

“நீங்க வச்சிக் கிழிச்சது போதும்” என்று சீதாலெட்சுமி தொடங்கினாள். பால் காய்ச்சிய நாளிலிருந்து வரிசையாக. கஜேந்திரன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.