வார்டு வாசலில் தம்பி

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் தம்பி வார்டு வாசலைத் தாண்டவே இல்லை. முப்பத்திரண்டு வயது ஆள். ஆட்டிசம் என்று சின்னதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு ஒன்றிரண்டு சொல்தான். வராந்தாவின் சாம்பல் நிறத் தரை முடிந்து வார்டின் வெள்ளைத் தரை தொடங்கும் இடம்வரை விறுவிறுவென்று வருவான். அங்கே ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுவான். உள்ளே இயந்திரம் கீச்சிடும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொள்வான்.

அக்கா கெஞ்சினாள், அதட்டினாள், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். இழுக்க இழுக்க அவன் உடம்பு மரக்கட்டையானது. தையல் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்த அலுப்பு வேறு. "இந்த நேரத்துலயும் உனக்கு அடமாடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"விடுடி. அவனுக்கு என்னைப் பாக்கப் பிடிக்கல போல" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை, அக்கா வந்து சேருவதற்குள் அம்மாவின் உயிர் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அம்மாவின் சாமான்களை எடுக்கப் போனபோது தம்பியும் கூட வந்தான். அதே இடத்தில் நின்றான். பக்கவாதம் வந்தவர்களை நடக்கப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள். தொடலாமா என்று அவனையே கேட்டாள். அவன் காதிலிருந்து கையை இறக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு தன் பாதத்தை அவன் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்து, முழங்கையை லேசாகத் தொட்டாள். அவன் அந்தப் பாதத்தைத் தாண்டி உள்ளே போனான்.

"இத்தனை நாளும் அடம்னுதான் நெனச்சோம்" என்றாள் அக்கா அந்தப் பெண்ணிடம்.

"அடம் இல்லைங்க. போகணும்னு மனசு சொல்லும், கால் கேக்காது. ஆட்டிசம் இருக்கிற சில பேருக்கு அப்படி ஆகும். இவருக்கும் அதுதான்னு தோணுது. சத்தம் வேற சேந்துட்டா இன்னும் கஷ்டம். தாண்டறதுக்குன்னு முன்னால ஏதாவது இருந்தா சில சமயம் கால் கிளம்பிடும்."

பள்ளிக்கூட வேன் படியில் ஏறாமல் நின்றதற்காக அம்மா அவனை அறைந்ததெல்லாம் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. தானும் அறைந்திருக்கிறாள்.

தம்பி நேராக அம்மாவின் கட்டிலுக்குப் போயிருந்தான். துவைத்த விரிப்பு போட்டிருந்தார்கள். தலையணைமேல் உள்ளங்கையை வைத்து, "வந்துட்டேன்" என்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னான்.

அடுத்த நோயாளி வருவதாக நர்ஸ் வந்து சொன்னாள். பத்து நிமிஷம் கொடுக்கும்படி அக்கா கேட்டுக்கொண்டாள். அவர்கள் கிளம்ப அரை மணி நேரமாயிற்று. யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை.