உடையாத காலிப்பர்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாகிவிட்டது: கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. சந்தேகம் இருப்பவர்கள் சின்னாறு காட்டுக்குப் போய் அந்த யானையையே விசாரித்துக்கொள்ளலாம்.

எலப்புள்ளி ஈஸ்வரமூர்த்தி தென்னையிலிருந்து விழுந்ததில் இடது காலுக்குப் பலமும் போயிற்று, உணர்ச்சியும் போயிற்று. ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவு வைத்து அச்செடுத்து, அவருக்கென்றே ஓர் இரும்புக் காலிப்பர் செய்து கொடுத்தார்கள். தொடையில் வார், முழங்காலில் பூட்டு, கீழே பூட்ஸ். அதை மாட்டிக்கொண்டு பத்து வருஷம் வரப்பில் நடந்தார். பூட்டைப் போட்டுவிட்டால் நின்றபடியே தூங்கலாம். நெல்லுக்குக் காவல் நின்றவரின் தோளில் ஒரு கரிச்சான் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, அதற்குப் பறக்கவும் பழக்கிவிட்டுத்தான் போனது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

வருஷம் போகப் போகக் கால் சூம்பியது. இரும்பு சூம்பவில்லை. அளவெடுத்துச் செய்தது லொடலொடவென்று ஆடி, தோலை அறுக்க ஆரம்பித்தது.

எழுபத்தைந்தாம் வருஷம் மாசியில் அவர் மனைவி வள்ளியாத்தாள் பதறினாள்.

"ஏனுங்க, ஊடு பூரா ரத்தமா கெடக்குதுங்க!"

"யாரோடதுன்னு பாரு."

"உங்க கால்லிருந்துதானுங்க வருது."

"அப்படியா," என்றவர் மோரைக் குடித்து முடித்தார்.

புண் எலும்பைத் தொட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்றார் மலையாளி டாக்டர். புதுக் காலிப்பர் போட்டால் கால் தப்பும். ஆனால் பழையது உடைந்திருந்தால்தான் புதியது தர முடியும், அது சட்டம்.

"இது ஒடையலயே. ஒடஞ்சா கொண்டு வரணும், கேட்டோ," என்று அனுப்பிவிட்டார்.

ஊர்க் கொல்லன் அடித்ததில் சம்மட்டி பிளந்தது. வேறு வழியில்லாமல் ஈஸ்வரமூர்த்தி பஸ் ஏறி, மறையூரில் வெல்லம் காய்ச்சும் மைத்துனன் சென்னிமலையிடம் போனார்.

"கரும்பு ஆலை இருக்கறப்ப என்னத்துக்குங்க மாமா கவலைப்படறீங்க?" என்று சென்னிமலை காலிப்பரை உருளைகளுக்கு நடுவே கொடுத்தான். ஆலை இரண்டாகப் பிளந்தது. அன்றைக்குப் பிழிந்த சாற்றில் அவ்வளவு இரும்பு இறங்கிவிட்டது. அந்த வெல்லத்தைத் தின்று, சோகை பிடித்து வெளுத்திருந்தவர்களெல்லாம் செக்கச்செவேலென்று ஆனார்கள். ஈஸ்வரமூர்த்தி பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். புண்ணில் ஈ மொய்த்தது. யார் வீட்டு மாட்டின் மேலோ மொய்க்கும் ஈயைப் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து மூணாறு பஸ்ஸின் சக்கரத்துக்கடியில் வைத்தார்கள். டயர் வெடித்தது.

"யோவ், தண்டவாளத்தைக் கொண்டாந்து ரோட்டுல போட்டது எவன்யா?" என்று கண்டக்டர் கத்தினார்.

"தண்டவாளமில்லீங்க, எங்க மாமாவோட காலு," என்றான் சென்னிமலை.

கடைசியாகச் சின்னாறு. காட்டுயானை ஒன்று வழியில் கிடந்த காலிப்பர் மேல் உட்கார்ந்தது. உடனே எழுந்தது. தும்பிக்கையால் பின்புறத்தைத் தடவிக்கொண்டு, முனகியபடி மூங்கிலுக்குள் போய்விட்டது. ஈஸ்வரமூர்த்தி அதை வெகுநேரம் பார்த்தார்.

"அதுக்கு வலிக்குதுடா," என்றார்.

ஒரு கீறல்கூட இல்லாத காலிப்பரோடு மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மற்ற டாக்டர்களையும் கூப்பிட்டார்.

"பத்து வருஷம் கழிஞ்சும் இப்படி ஒரு காலிப்பர்! அசலாயி!"

பிரமாதம் பிரமாதம் என்று எல்லா டாக்டர்களும் போட்டோ எடுத்தார்கள்.

"ஏனுங்க டாக்டரே, காலைப் பாக்கலீங்களா?" என்று கேட்டாள் வள்ளியாத்தாள்.

"காலிப்பர் இத்தனை நல்லா இருக்கே அம்மா. கால் எப்படி மோசமாகும்?"

அதே காலிப்பரை இறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். வாசலில் வள்ளியாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குதுங்களா?"

"எது?" என்றார் அவர்.

இதெல்லாம் நடப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே, எழுபத்து மூன்றிலேயே, ஈஸ்வரமூர்த்தியின் இடது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். இதுவும் அந்தக் கற்பூரச் சத்தியத்தில் சேர்த்திதான்.