ஆளுக்குப் பாதி வலை

குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் கிழவியாகிக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்கு முன்னால் எந்தப் பொருள் வந்தாலும் முதலில் கீறல், பிறகு பிசிறு, பிறகு ஆட்டம் என்றுதான் பார்ப்பேன். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை என்று என் வீட்டுக்காரர் சிவநேசன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். இருக்கட்டும். ஆனால் அவர் வாங்கிச் சேர்த்த சாமான்களில் நான் ஒரு குறையும் சொல்ல முடியாமல் தோற்றுப்போனது ஒன்றே ஒன்றிடம்தான். அது கெண்டை மீனைக் கரையேற்றுகிற கைவலை.

இவர்கள் ஞாயிறுதோறும் தூண்டில் போடப் போகும் குளத்தில் அதை மலாயில் தாங்குக் என்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் யாராக இருந்தாலும் பெரிய மீன் மாட்டினால் "தாங்குக்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பக்கத்தில் இருப்பவர் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு வலையோடு ஓடி வருவார். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

அந்த வலையை என் வீட்டுக்காரரும் என் தம்பி சுகுமாரனும் சேர்ந்து வாங்கினார்கள். தஞ்சோங் பூங்கா என்ற பகுதியில் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்கே திரும்பிப் போவதாகச் சொல்லித் தன் மீன்பிடி சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். போன இரண்டு பேருக்கும் கண் அந்த வலைமேல்தான் விழுந்தது. திரும்பி வரும் வழியில் சூலியா தெருவில் சாப்பிட உட்கார்ந்தபோதும் அதைக் காரில் விட்டுவர மனமில்லாமல் மேசைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டார்கள். பிள்ளை பெற்ற வீட்டில்கூட இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு இரவே அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்தேன். கம்பு கார்பன் என்கிற கரிநாரால் ஆனது. கையில் எடுத்தால் எடையே தெரியாது, ஈரக் கையிலும் வழுக்காது. கம்பின் நுனியில் உலோகத்தில் கடைந்த ஒரு கட்டை. அதில் இரண்டு துளை. துளைக்கு ஒன்றாக, வலைக்குக் கை மாதிரி இரண்டு நீளக் குச்சி செருகியிருக்கும். கைகளின் நுனியை ஒரு கயிறு இழுத்துப் பிடிக்க, விரித்த விசிறியைப் போல நிற்கும். வலைத்துணியோ கொசுவலை மாதிரி மெத்தென்றிருந்தது, மீனின் துடுப்பு சிக்கிக் கிழியாது. மீன் உள்ளே வந்ததும் கைகளைக் கட்டையிலிருந்து உருவிச் சுருட்டினால் அதுவே மீனைத் தூக்கும் தொட்டில். செய்தவன் எந்த ஊர்க்காரனோ, மீனுக்கு வலிக்குமே என்றும் நினைத்திருக்கிறான், மனிதனுக்குக் கை வலிக்குமே என்றும் நினைத்திருக்கிறான். பத்துப் பன்னிரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் சேற்றிலும் வெயிலிலும் கிடந்தும் ஒரு தையல் விட்டதில்லை, ஒரு மரை தேய்ந்ததில்லை. எங்கள் தொழிற்சாலை இயந்திரங்களைக்கூட நான் அப்படிப் புகழ்ந்தது கிடையாது.

அந்த வலையைத்தான் இந்த இரண்டு மகா புத்திசாலிகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

காரணம் சின்னதுதான். சிம்பாங் அம்பாட்டில் தம்பி புது வீடு வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்கு எங்களை வீடு தேடி வந்து, தட்டு வைத்து அழைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட் என்று சொல்லிக் குடும்ப வாட்ஸ்அப்பில் பத்திரிகையைப் போட்டுவிட்டான். அக்கா வீட்டுக்காரருக்கும் அதே பத்திரிகை, யாரோ ஒரு தூரத்துப் பங்காளிக்கும் அதே பத்திரிகை. என் வீட்டுக்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. போகவில்லை. நான் மட்டும் போய்ப் பால் காய்ச்சியதைப் பார்த்துவிட்டு வந்தேன். மச்சான் வராத வீட்டில் என்ன கிரகப்பிரவேசம் என்று தம்பி அங்கே முறுக்கிக்கொண்டான்.

அடுத்த வாரம் சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வலையில் தன் பங்கைக் கேட்டான். இவர் கட்டையோடு வலையின் தலையைத் திருகிக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முழுசாக எடுத்துக்கொள் என்று சொல்ல இவருக்கு மனசில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவனுக்கும் மனசில்லை. இதில் கூத்து என்னவென்றால், அந்த வலையின் திருகு மரை எல்லா நாட்டுச் சாமானுக்கும் பொருந்துகிற பொது அளவு. அதனால் இவர் கம்புக்கு ஒரு மட்டமான பிளாஸ்டிக் தலையையும், அவன் தலைக்கு ஒரு மட்டமான அலுமினியக் கம்பையும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அளவு பொருந்தாமல் போயிருந்தால் ஒரே மாதத்தில் ராசியாகியிருப்பார்கள். நல்ல வேலைப்பாடு செய்த ஒரே கெடுதல் இதுதான்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. இருவரும் ஞாயிற்றுக்கிழமை அதே குளத்துக்குத்தான் போனார்கள், ஆளுக்கொரு கரையில் உட்கார்ந்துகொண்டு. குளத்தில் தேநீர் விற்கும் ரொஸ்னா என்னிடம் ஒருமுறை கேட்டேவிட்டாள், இவர்கள் மீன் பிடிக்க வருகிறார்களா, ஒருவரையொருவர் காவல் காக்க வருகிறார்களா என்று.

இதற்கு நடுவில் என் மகள் பிரமிளாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி. போய் அழைக்கலாம் என்றால் இவர் அசையவில்லை. அவன் நமக்குக் கற்றுக்கொடுத்தபடியே வாட்ஸ்அப்பில் போட்டுவிடு என்றார். சரி, நான் மட்டும் போகிறேன் என்றால் அதுவும் முறையில்லை என்றார். தாய்மாமனும் வேண்டும், தலையும் குனியக்கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ராத்திரி படுத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் பிள்ளை யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு வருகிற காட்சிதான் கண்முன் வந்து நின்றது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் இவரோடு குளத்துக்குக் கிளம்பினேன். தீவிலிருந்து கடல் பாலம் ஏறியதிலிருந்து சிம்பாங் அம்பாட் குளம் வரும்வரை வாயை மூடவில்லை. குளத்தில் உட்கார்ந்தும் விடவில்லை. எதிர்க்கரையில் தம்பி குடையின் கீழ் உட்கார்ந்திருந்தான். என் பேச்சுக்குத் தப்பிக்க இவர் தேநீர் வாங்கப் போகிறேன் என்று எழுந்து போனார்.

அவர் போன கையோடு அவருடைய தூண்டில் தடியின் ரீல் கிறீச்சென்று கத்தியது.

தடியைத் தூக்கினேன். கல்யாணமான புதிதில் கூடவே வந்து கற்றுக்கொண்ட பழக்கம், கை மறக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு இழுப்பை என் ஆயுளில் பார்த்ததில்லை. நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. தேநீரை வழியிலேயே கொட்டிவிட்டு இவர் ஓடி வந்தார். தடியைக் கேட்டார். கொடுக்கவில்லை, கைமாறுகிற நேரத்தில் நூல் தளர்ந்தால் மீன் போய்விடும். அவர் வலையை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

இரண்டு முறை கரைக்கு வந்து திரும்பி ஓடியது. மூன்றாம் முறை களைத்துப் பக்கவாட்டில் சாய்ந்து வந்தது. அப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தேன். கெண்டைதான், பித்தளை அண்டா மாதிரி மின்னியது. இவர் வலையை அதன் அடியில் கொடுத்தார். மீன் ஒரு உலுக்கு உலுக்கியது. பட்டென்று சத்தம். பிளாஸ்டிக் கட்டை பிளந்து, வலையின் இரண்டு கையும் முறிந்த சிறகாகத் தொங்கின. மீன் மறுபடியும் நடுக்குளத்துக்குப் போனது, நல்லவேளையாகத் தூண்டில் முள் விடவில்லை.

இவர் உடைந்த வலையைப் பார்த்தார். பிறகு எதிர்க்கரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் வாய் இருந்தது, நான் கத்தியிருக்கலாம். வேண்டுமென்றேதான் கத்தவில்லை.

"கூப்பிடுங்க" என்றேன்.

"உன் தம்பிதானே, நீ கூப்பிடு."

"என் தம்பிதான். ஆனா உடைஞ்சது உங்க தாங்குக்."

நூல் இன்னும் கொஞ்சம் ஓடியது. மீன் போனாலும் போகட்டும் என்று நின்றேன். இரண்டு வருடத்தில் இவர் வாயிலிருந்து தம்பியின் பெயர் வந்ததேயில்லை. எதிர்க்கரைப் பக்கம் திரும்பி, "சுகு, தாங்குக்" என்று கூப்பிட்டார்.

எதிர்க்கரையில் குடைதான் இருந்தது, ஆள் இல்லை. ரீல் கத்தியபோதே அவன் தன் நூலையெல்லாம் சுருட்டிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். கூப்பிட்டால் வரலாம் என்று வளைவிலிருந்த மரத்தடியில் வலையோடு நின்றிருக்கிறான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா? செருப்பைக்கூடப் போடாமல் வந்து இவர் பக்கத்தில் தண்ணீரில் இறங்கினான்.

இறங்கியதும் தன் அலுமினியக் கம்பைப் பார்த்துத் தலையாட்டினான். "இது தாங்காது மச்சான். உங்க கம்பக் குடுங்க."

இவர் கம்பிலிருந்து பிளாஸ்டிக்கைக் கழற்றினார், அவன் வலையின் தலையைக் கழற்றினான். மரையில் வைத்துத் திருகினார்கள். மூன்றே சுற்று, கச்சிதமாக உட்கார்ந்தது. ஆட்டம் இல்லை, இழுப்பு இல்லை, துரு இல்லை. இருவருமே அவரவர் பாதியைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, கண்ணாக வைத்திருந்திருக்கிறார்கள். தடி கையில் இருந்ததால் கும்பிடவில்லை, இல்லாவிட்டால் அதைச் செய்தவன் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக் காத்திருந்தார்கள். நல்ல வலையை மீனைத் துரத்திக்கொண்டு நீட்டக்கூடாது, மீன்தான் வலைக்கு வர வேண்டும். மெதுவாக மேலே கொண்டு வந்தேன். கயிற்றைத் தாண்டி மீன் முழுசாக உள்ளே போனதும் இவர் கம்பை உயர்த்தினார். அவ்வளவு பெரிய மீன் உள்ளே புரண்டும் வலை முனகக்கூட இல்லை.

அந்தக் குளத்தில் பெரிய மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். அது மூச்சு வாங்கட்டும் என்று வலையோடு தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, வலையின் ஒரு கையை இவரும் இன்னொரு கையை அவனும் பிடித்தபடி சேற்றில் முழங்கால் போட்டிருந்தார்கள். நான் தூண்டில் முள்ளைக் கழற்றினேன். இவர் மீனைப் பார்த்துக்கொண்டேதான் பேச ஆரம்பித்தார்.

"சுகு, பிரமிளாவுக்குக் கல்யாணம். நாளைக்கு நானும் அக்காவும் முறைப்படி வீட்டுக்கு வர்றோம்."

தம்பியும் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும் மச்சான். அந்த வாரம் பூரா லீவு போட்டு ரெண்டு மாசமாச்சு."

இவர் நிமிர்ந்தார். "நாங்க கூப்பிடாம விட்டிருந்தா?"

"மண்டபத்து வாசல்ல காடிய நிறுத்திட்டு அதுக்குள்ளயாவது உட்கார்ந்திருப்பேன்லா. பிள்ள இறங்கி உள்ள போறத அங்கேருந்தே பாத்துட்டு வந்திருப்பேன்."

இவர் வலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். உதடு கோணிக்கொண்டு போனது.

"நீ காடிக்குள்ள உட்கார்ந்துட்டா, அவ கையப் புடிச்சு யாருடா கூட்டிட்டு வர்றது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். தம்பி ஒரு கையால் வலையை விடாமல் பிடித்துக்கொண்டு, சேறு படிந்த மறு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.