ஜோடி லைசன்

மூன்றாவது தடவையாகக் கொழும்புக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய அன்று ஞானேஸ்வரிக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கண்டியிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே போய், வானொலி லைசன் கொடுக்கிற கந்தோரில் நாலு மேசை ஏறி இறங்கி, கடைசியில் அங்கிருந்த மிஸ் சொன்னது முதல் தடவை சொன்ன அதே பதில்தான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஏதாவது செய்யலாம். இதைத் தபாலிலேயே இரண்டு முறை எழுதியிருந்தார்கள். நேரில் போய்க் கெஞ்சினால் சட்டம் இளகும் என்று நம்பியது அவள் குற்றம்.

சங்கதி இதுதான். அம்பிட்டிய மேட்டில் அவளுடைய அப்பா நடத்திய சின்ன வானொலிக்கு ஆதியில் ஒரே ஒரு ஏ.எம். அலைவரிசைதான். பிறகு, நெரிசலைக் குறைக்கிறோம் என்று சொல்லி, ஆயிரத்து அறுநூறு கிலோஹெர்ட்ஸுக்கு மேலே புதிதாக இன்னொன்றைக் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. ஐந்து வருஷத்துக்கு இரண்டையும் ஜோடியாக வைத்திருக்கலாம். ஐந்து முடிந்ததும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை ஜோடியைப் பிரிக்கக் கூடாது, ஒன்றை மட்டும் யாருக்கும் விற்கக் கூடாது.

அப்பா இதையெல்லாம் எங்கே படித்தார்? இரண்டு பசுமாட்டைப் பங்கு பிரிக்கிற மாதிரி, பழையது மகளுக்கு, புதியது மகனுக்கு என்று உயில் எழுதிவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். உயிலைப் பார்த்துவிட்டு அந்த மிஸ் சிரித்தாள். சட்டத்தின் கண்ணுக்கு அக்காவும் தம்பியும் ஒரே ஆளாம். அந்த ஒரே ஆள் தனக்குள் பேச்சுவார்த்தை இல்லாமல் மூன்று வருஷம் ஆகிறது. எதை வைத்துக்கொள்வது என்று செப்டம்பர் முப்பதுக்குள் இருவரும் ஒன்றாக எழுதிக் கொடுக்காவிட்டால் இரண்டும் ரத்து.

தம்பி லெட்சுமணன் தெளிவாக இருந்தான். டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் அரூஸ் புதிய அலைவரிசையை வாங்கத் தயாராக இருந்தார். பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் புதியதை விற்கத் தடையில்லை. விற்றுவிட்டு ஆஸ்திரேலியாவில் மகளோடு போய் இருக்கலாம் என்பது அவன் கணக்கு. பழையதை வைத்துக்கொண்டாலோ, அதை வாங்க ஒரு ஈ காக்கை கிடையாது.

ஞானேஸ்வரிக்கு அந்தப் பழையதுதான் உயிர். காலை ஆறு ஐம்பதுக்கு அவள் மரண அறிவித்தல் வாசிப்பாள். கலஹா, ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்ட லயன் வீடுகளில் இருக்கிற பழைய ரேடியோக்களில் முள் ஆயிரத்து அறுநூறோடு நின்றுவிடும். அதற்கு மேலே சொர்க்கமே இருந்தாலும் அங்கே கேட்காது. அவள் வாயை மூடினால் அந்தப் பக்கத்துச் சாவுகள் ஊமையாகிவிடும் என்று அவள் நிஜமாகவே பயந்தாள். தம்பியோ, பக்கத்து அறையில் புதியதை நடத்திக்கொண்டு, பத்தடி தூரத்துக்கு டெக்னீஷியன் சிவமணியைத் தூதனுப்புவான்.

"அக்கா, அண்ணன் சொல்லச் சொன்னாரு. இப்ப எல்லாருக்கும் வாட்ஸ்அப் இருக்காம். ஒங்க அறிவித்தல யாரும் கேக்கிறதில்லயாம்."

"புதியதத் திருப்பிக் குடுக்கிற ஃபாரத்துல கையெழுத்துப் போடச் சொல்லு. பெறகு யார் கேக்கிறா கேக்கலன்னு பாப்போம்."

சிவமணி பாவம், இரண்டு பக்கமும் தலையாட்டித் தலையாட்டியே கழுத்து வலிக்காரனாகிவிட்டான்.

செப்டம்பர் இருபத்தி நாலாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுடைய ஃபோன் அடித்தது. தம்பி. மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"அக்கா, மாமா தவறிட்டாரு."

ஹேவாஹெட்டவில் இருந்த அவனுடைய மாமனார், அவன் மனைவி பிரேமிளாவின் அப்பா வீரய்யா. காலையிலேயே போய்விட்டாராம்.

"எனக்கு இப்பதான் சொல்றியா?"

"மத்தியானம் என் ரேடியோவுல வாசிச்சேன்க்கா. ஒருத்தரும் வரல. வாட்ஸ்அப்புலயும் போட்டாச்சு. அது கணக்கில்லயாம். பிரேமிளா பேயாட்டம் ஆடுறா. ரேடியோவுல முறையா சொல்லலன்னா சொந்தக்காரங்க எல்லாம் சொல்லலன்னு கோவிச்சுக்குவாங்களாம். நீ வாசிக்கணும்."

ஞானேஸ்வரியின் கை மேசை லாச்சியைத் திறந்தது. ஃபாரம் உள்ளே இருந்தது. கையெழுத்துப் போடு, வாசிக்கிறேன். இந்த மூன்று வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவன் ராத்திரியே ஓடி வந்திருப்பான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் கேட்டது தம்பி இல்லை, செத்தவர். அவரை வைத்துப் பேரம் பேச அவளால் முடியவில்லை. முடியாமல் போனதற்காகத் தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"பேரு, வயசு, புள்ளைங்க, மருமக்கள். ஒண்ணொண்ணா சொல்லு. அடக்கம் எத்தன மணிக்கு?"

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு வாசித்தாள். கடைசியில் வழக்கமான வரி: இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். அதை வாசித்துவிட்டால் எல்லா வீட்டுக்கும் ஆள் போய்ச் சொன்ன மாதிரி. பிறகு யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

பத்து மணிக்கு அவளும் சாவு வீட்டுக்குப் போனாள். சம்பந்தி முறை, போகாமல் இருக்க முடியுமா? பஸ்ஸுக்குப் பஸ் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற லெட்சுமணனின் கையைப் பிடித்த ஒவ்வொருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். காலையில ரேடியோவுல கேட்டோம். கேட்டுக் கேட்டு அவன் முகம் வேப்பெண்ணெய் குடித்தவன் முகமாகிவிட்டது.

கலஹாவிலிருந்து வந்த, பிரேமிளாவுக்குப் பெரியப்பா முறைக்காரர் ஒருவர் அவனை உற்றுப் பார்த்தார். "மாப்புள, நீங்களும் ஏதோ ரேடியோ வச்சிருக்கீங்களாமே. அது எங்க அம்புடுது?"

லெட்சுமணன் தேத்தண்ணி கொண்டுவரப் போனான். தேத்தண்ணி வந்தது, அவன் வரவில்லை. ஞானேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீடாயிற்றே என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் முப்பது காலையில் அவள் நம்பிக்கையை விட்டுவிட்டாள். இன்றோடு சரி, இரண்டும் போகும், அதிகாரிகளும் அப்பாவும் தம்பியும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அன்றைய அறிவித்தல்களைக் கொஞ்சம் உரக்கவே வாசித்தாள். வாசித்துவிட்டு வெளியே வந்தால், கதவருகே லெட்சுமணன். சிவமணியை அனுப்பவில்லை, தானே வந்திருந்தான்.

"ஃபாரத்தக் குடு."

கொடுத்தாள். புதியதைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்ற இடத்தில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தான். பேனா கடதாசியைக் கிழிக்காதது அதிசயம்.

அவள் குனிந்து கையெழுத்தைப் பார்த்தாள். "அப்ப ஆஸ்திரேலியா?"

"அடுத்த வாரம் மாமாவுக்குப் பதினாறு. அதையும் நீதான் வாசிக்கணுங்கிறா பிரேமிளா. ஒன் ஸ்டேசன மூடிட்டு நான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியுமா? அந்தக் கெழவன் திரும்ப வந்து அம்புடுதா அம்புடுதான்னு கேப்பான்." மூக்கை உறிஞ்சினான். "அரூஸ் நானா மூணு மாசமா காத்துக்கிட்டிருக்காரு. அவருக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

ஞானேஸ்வரி ஃபாரத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கொழும்பு ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நாளைக்குக் காலையில மரண அறிவித்தல்ல கடைசி ஆளா ஒன் ஸ்டேசன் பேரையும் சேத்து வாசிச்சிர்றேன். அரூஸ் நானாவும் ஏத்துக்குவாரு."